பின்னட்டையில் தொடங்கிய சண்டை: பிங்க் ஃபிளாய்டின் 'தி ஃபைனல் கட்'

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் 'தி ஃபைனல் கட்' ஆல்பத்தைக் கையில் எடுப்பவர்கள் முதலில் பின்னட்டையைப் படிக்க வேண்டும். போருக்குப் பிந்தைய கனவுக்கு ரோஜர் வாட்டர்ஸ் இயற்றிய இரங்கற்பா, இசைப்போர் பிங்க் ஃபிளாய்டு என்ற பொருளில் அங்கே ஒரு வரி இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற ஒரு குழு, தன் சொந்த இசைத்தட்டின் அட்டையிலேயே தன்னைப் பக்கவாத்தியக்காரர்களின் இடத்தில் உட்கார வைத்துக்கொண்டதை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. 1983 மார்ச் மாதத்தில் இந்த ஆல்பம் வெளிவந்தது முதல் ரசிகர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நடத்திவரும் வழக்கு முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிக் கிடக்கிறது.

ஒரு கட்சி, இது குழுவின் பாஸ் கிடார் கலைஞரும் பாடலாசிரியருமான வாட்டர்ஸின் தனி ஆல்பம், விற்பனைக்காகக் குழுவின் பெயரை ஒட்டியிருக்கிறார்கள் என்கிறது. மற்றொரு கட்சி, குழுவின் பயணம் முழுவதும் வந்துசேர வேண்டிய இடமே இதுதான், இதைவிட நேர்மையான ஒன்றை அவர்கள் செய்ததில்லை என்கிறது. இரண்டு கட்சியிலும் மாறி மாறி இருந்து பார்த்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் கட்சியின் சாட்சியங்கள் பெரும்பாலும் உண்மை. அவற்றிலிருந்து அவர்கள் எடுக்கும் தீர்ப்புதான் தவறு. இரண்டாம் கட்சியின் தீர்ப்பு ஏறக்குறையச் சரி. ஆனால் ஆல்பத்தின் குறைகளை அவர்கள் பார்க்கவே மறுக்கிறார்கள்.

ஆல்பம் பிறந்த கதை தெரிந்தால் சண்டையின் வேர் விளங்கும். 1979இல் வந்த 'தி வால்' ஆல்பத்தை ஆலன் பார்க்கர் 1982இல் திரைப்படமாக எடுத்தார். அந்தப் படத்துக்குப் புதிதாகப் பதிவு செய்த பாடல்களையும், 'தி வால்' ஆல்பத்தில் இடம் கிடைக்காமல் மிஞ்சிய பாடல்களையும் சேர்த்து ஒரு துணைத் தொகுப்பாக வெளியிடுவதுதான் தொடக்கத் திட்டம். இடையில் 1982 ஏப்ரலில் அர்ஜென்டினா பிரிட்டனின் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளைக் கைப்பற்ற, பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் அரசு கடற்படையை அனுப்பியது. ஜூன் மாதத்தில் போர் முடிந்தது. வாட்டர்ஸின் தந்தை எரிக் ஃபிளெட்சர் வாட்டர்ஸ் 1944 பிப்ரவரியில் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் இறந்தவர். அப்போது மகன் ஐந்து மாதக் குழந்தை. தன் தந்தையின் தலைமுறை உயிரைக் கொடுத்தது எதற்காகவோ அதையே நாடு விற்றுவிட்டது என்ற கோபம், மிஞ்சிய பாடல்களின் தொகுப்பாக வரவேண்டியதை வேறொன்றாக மாற்றிவிட்டது. ஆல்பம் அந்தத் தந்தைக்கே காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. முன்னட்டையில் கறுப்புத் துணியும், போர்ப் பதக்கங்களின் நாடாக்களும், ஓரத்தில் போரில் மாண்டவர்களின் நினைவாக அணியும் பாப்பி மலரும் மட்டுமே உண்டு.

குழுவின் கிடார் கலைஞரும் பாடகருமான டேவிட் கில்மோருக்கு இதில் உடன்பாடில்லை. முந்தைய ஆல்பத்துக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கிய பாடல்கள் இப்போது மட்டும் எப்படித் தகுதி பெற்றன என்பது அவர் கேட்ட கேள்வி. நியாயமான கேள்விதான். வாட்டர்ஸோ, கில்மோரிடம் புதிய பாடல்கள் எதுவும் இல்லாதபோது தான் ஏன் காத்திருக்க வேண்டும் என்று கருதினார், அதுவும் நியாயந்தான். கடைசியில் தயாரிப்பாளர் பட்டியலிலிருந்து கில்மோரின் பெயர் நீங்கியது. பன்னிரண்டு பாடல்களும் வாட்டர்ஸ் எழுதியவை. அவற்றில் ஒன்றே ஒன்றில்தான் கில்மோர் முதன்மைக் குரலாக வருகிறார். கீபோர்டு வாசித்த ரிக் ரைட் 'தி வால்' பதிவின்போதே குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டுவிட்டதால் அவர் இதில் இல்லவே இல்லை. பியானோவையும் ஆர்கெஸ்ட்ராவையும் மைக்கேல் கேமன் பார்த்துக்கொண்டார். ஹம்மண்ட் ஆர்கனை ஆண்டி பவுன் வாசித்தார். தாளக்கருவிகளுக்கு ரே கூப்பர் வந்தார். அடுத்த ஆண்டே வாட்டர்ஸ் தன் பெயரில் வெளியிட்ட தனி ஆல்பத்திலும் இதே கேமன்தான் பியானோ வாசித்தார் என்பதை முதல் கட்சியினர் தவறாமல் எடுத்துக்காட்டுவார்கள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, இது நால்வர் சேர்ந்து செய்த ஆல்பம் அன்று என்று சொன்னால் மறுக்க முடியாது.

ஆனால் இந்த அளவுகோலைக் கையில் எடுத்தவர்கள் அதைப் பாதியில் கீழே வைத்துவிடக் கூடாது. 1967இல் வந்த முதல் ஆல்பம் பெரும்பாலும் சிட் பாரெட் என்ற ஒரே மனிதரின் படைப்பு. அதை யாரும் பாரெட்டின் தனி ஆல்பம் என்று தள்ளிவைப்பதில்லை. 1977இன் 'அனிமல்ஸ்' ஆல்பத்தில் ஒரு பாடலில் மட்டுமே கில்மோரின் பெயர் வாட்டர்ஸுடன் சேர்ந்து வருகிறது. மற்றவையெல்லாம் வாட்டர்ஸ் தனியே எழுதியவை. வாட்டர்ஸ் விலகிய பிறகு 1987இல் கில்மோரும் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசனும் வெளியிட்ட ஆல்பத்தில் வெளியிலிருந்து வந்து வாசித்தவர்களின் பட்டியல் இதைவிட நீளம். ஒருவர் கை ஓங்கியிருப்பது இந்தக் குழுவின் வழக்கமே. ஓங்கிய கை யாருடையது என்பதில்தான் ரசிகர்களுக்கு வருத்தம். 'ஃபிளாய்டு அன்று' என்று சொல்லும் பலர், 'எனக்குக் கில்மோரைத்தான் பிடிக்கும்' என்பதைச் சற்று மரியாதையாகச் சொல்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதல் கட்சியின் குறைகளில் ஒன்றை மட்டும் நான் முழுமையாக ஏற்கிறேன். அது ரைட்டைப் பற்றியது. அவர் வாசித்த கீபோர்டு, பாடலுக்குள் பாடல் நின்று மூச்சு வாங்க ஓர் இடத்தை உண்டாக்கித் தரும். 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தின் தொடக்கத்தில் சில நிமிடங்கள் எதுவுமே நடக்காததுபோல் தோன்றி, அந்த எதுவுமின்மைதான் பாடல் என்று பிறகு புரியுமே, அந்த வெளி இந்த ஆல்பத்தில் இல்லை. கேமனின் வயலின் கூட்டம் அழகாக இருக்கிறது. ஆனால் அது பாடகரின் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் தலையாட்டிக்கொண்டே போகிறது. வாட்டர்ஸ் வருந்தினால் அதுவும் வருந்துகிறது, அவர் கத்தினால் அதுவும் பொங்குகிறது. எதிர்த்துப் பேச ஒரு வாத்தியமாவது இருந்திருந்தால் இந்த 43 நிமிடங்கள் இத்தனை பாரமாக இருந்திருக்காது.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் இந்த ஆல்பத்துக்குத் திரும்பத் திரும்ப வருவதற்கு முதல் பக்கத்தின் நடுவே வரும் மூன்று பாடல்கள் காரணம். 'தி வால்' கேட்டவர்கள் அதில் வரும் பள்ளி ஆசிரியரை மறந்திருக்க மாட்டார்கள். மாணவர்களை இழிவுபடுத்திச் சுகம் காணும் கொடியவர் அவர். அங்கே அவருக்கு அதற்குமேல் முகம் கிடையாது. இங்கே 'ஒன் ஆஃப் தி ஃப்யூ' என்ற ஒரு நிமிடத்துக்குச் சற்றே அதிகமான பாடலில் போர் முடிந்து வீடு திரும்பிய வீரன் ஒருவன் இனி பிழைப்புக்கு என்ன செய்வது என்று யோசித்து, ஆசிரியர் வேலைக்குப் போகிறான். அடுத்த 'தி ஹீரோஸ் ரிட்டர்ன்' பாடலில் அதே மனிதன் வகுப்பறையில் கண்டிப்பைக் காட்டிவிட்டு, இரவில் உறங்கும் மனைவிக்கு அருகில் படுத்துக்கொண்டு, போரில் குண்டுவீச்சுக்கு உள்ளான ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரின் மேல் தான் விமானத்தில் பறந்ததை நினைத்துக்கொண்டிருக்கிறான். விழித்திருக்கும்போது அவளிடம் சொல்ல முடியாததை அவள் உறங்கும்போது சொல்கிறான். முந்தைய ஆல்பத்தில் சிறுவனின் கண்வழியே பூதமாகத் தெரிந்தவர், மகன் வளர்ந்து திரும்பிப் பார்க்கும்போது காயம்பட்ட மனிதராகத் தெரிகிறார். மிஞ்சிய பாடல்கள் என்று கில்மோர் குறைபட்டவற்றுள் இதுவும் ஒன்று. 'தி வால்' காலத்து மெட்டுக்குப் புதிய சொற்களைப் பொருத்தியதுதான் இந்தப் பாடல். பழைய மெட்டு புதிய சொற்களால் தன் பழைய பொருளையே திருப்பிப் போட்டுவிட்டது. இதை மிச்சம் மீதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது, 'தி கன்னர்ஸ் ட்ரீம்'. கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லோரும் தலைவணங்கும் பாடல் இந்த ஆல்பத்தில் உண்டு என்றால் இது ஒன்றுதான். சுடப்பட்ட போர்விமானத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கும் துப்பாக்கி வீரன், தரையைத் தொடுவதற்கு முன் தன் நாடு இனி எப்படி இருக்க வேண்டும் என்று கனவு காண்கிறான். அவன் கேட்பது பெரிய சொர்க்கம் எதுவும் இல்லை: தங்க ஓரிடம், போதுமான உணவு, தெருவில் பயமின்றிப் பேச முடிகிற ஒரு வாழ்க்கை, நள்ளிரவில் கதவை உதைத்துக்கொண்டு யாரும் வராத ஒரு வீடு. அந்தப் பட்டியலில் பேண்டு வாத்தியக்காரர்களை யாரும் தூர இருந்து குண்டு வைத்துக் கொல்லாத காலம் என்றும் ஒன்று வருகிறது. 1982 ஜூலை 20 அன்று லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவில் ராணுவ இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்தபோது ஐரிஷ் குடியரசுப் படை வைத்த குண்டு வெடித்து இசைக்கலைஞர்கள் ஏழு பேர் இறந்தார்கள். பதிவு நடந்துகொண்டிருந்த மாதங்களில் நடந்த கொலை, நாற்பதுகளில் விழுந்துகொண்டிருப்பவனின் கனவுக்குள் புகுந்துவிடுகிறது. பாடலின் நடுவே வாட்டர்ஸ் ஒரு சொல்லைப் பிடித்து நீட்டிக் கதறுகிறார். அந்தக் கதறல் எந்தச் சுருதியில் நிற்கிறதோ அதே சுருதியை ரஃபேல் ரேவன்ஸ்கிராஃப்டின் சாக்ஸபோன் வாங்கிக்கொள்கிறது. குரல் எங்கே முடிந்தது, கருவி எங்கே தொடங்கியது என்று பலமுறை நிறுத்தி நிறுத்திக் கேட்டும் எனக்கு எல்லை பிடிபடவில்லை. குழுவில் கிடார் கலைஞர் இருக்க, வெளியிலிருந்து வந்த ஒருவரிடம் ஆல்பத்தின் உச்சமான இடத்தைக் கொடுத்துவிட்டார்களே என்று கில்மோரின் ரசிகர்கள் மனத்தாங்கல் கொள்வதும் இதனால்தான். மனிதத் தொண்டையின் நீட்சியாக ஓர் ஊதுகருவிதான் அங்கே வரமுடியும். கிடாரால் அது ஆகியிருக்காது.

முழு ஆல்பமுமே ஒப்பாரியாக இருக்கிறது என்பது இன்னொரு பரவலான குறை. இதைச் சொல்பவர்கள் வசைச்சொல்லாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆல்பம் தன்னை இரங்கற்பா என்று அட்டையிலேயே அறிவித்திருக்க, அது அழுகிறது என்பதைக் குற்றமாகச் சொல்வது பொருந்தாது. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. அழுகைக்கும் மெட்டு வேண்டும். முதல் பாடலான 'தி போஸ்ட் வார் ட்ரீம்' காரின் வானொலியில் அலைவரிசை மாறிக்கொண்டே போகும் சத்தத்துடன் தொடங்குகிறது. ஃபாக்லாந்து போரில் மூழ்கிய 'அட்லாண்டிக் கன்வேயர்' கப்பலுக்குப் பதிலான கப்பல் ஜப்பானில் கட்டப்படும் என்ற செய்தி காதில் விழுகிறது. அதைத் தொடர்ந்து பாடல், ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றங்கரைக் கப்பல் தளங்கள் வேலையின்றி வாடுவதற்கு வருகிறது. தேவாலயப் பாட்டின் சாயலில் எழும் அந்த மெட்டு மனத்தில் நிற்கிறது. ஆனால் 'பேரனாய்டு ஐஸ்', 'சவுத்தாம்ப்டன் டாக்' போன்றவற்றில் சொற்கள் மெட்டைத் தள்ளிக்கொண்டு முன்னே போய்விடுகின்றன. பல இடங்களில் வாட்டர்ஸ் பாடவில்லை, இசையின் மேல் ஏறி நின்று பேசுகிறார். இரண்டாம் கட்சியினர் இதைக் கவிதை என்பார்கள். கவிதை என்றால் அச்சிட்டுக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும் கணங்கள் எனக்கு உண்டு.

அடுத்தது ஒலி. ஹியூகோ சுக்கரெல்லி என்பவர் உருவாக்கிய 'ஹோலோஃபோனிக்ஸ்' என்ற பதிவுமுறையை இதில் பயன்படுத்தியிருக்கிறார்கள். சாதாரண இரண்டு காது ஹெட்போனிலேயே சத்தம் முன்னால், பின்னால், தலைக்கு மேல் என்று இடம் பிரிந்து கேட்கும். டிரம்ஸ் வாசிக்கும் மேசன் இந்த ஆல்பத்தில் செலவிட்ட நேரத்தின் ஒரு பங்கு, போர்விமானங்களின் இரைச்சல் முதலான இத்தகைய ஒலிகளைப் பதிவு செய்வதில் கழிந்திருக்கிறது. இதன் விளைவை நான் அறிந்துகொண்ட விதம் சிரிப்புக்குரியது. முதன்முறை கேட்டது கேசட்டில். 'பேரனாய்டு ஐஸ்' பாடலில் வாட்டர்ஸ் ஏறக்குறைய முணுமுணுப்பாகப் பாடுவதால், ஒலிப்பெருக்கியின் குமிழை நன்றாகத் திருகி வைத்துக்கொண்டு கேட்டேன். அந்தப் பக்கம் முடிந்ததும் கேசட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். இரண்டாம் பக்கத்தின் முதல் பாடல் ஒரு நிமிடத்துக்குச் சற்றே அதிகம் ஓடுவது. அது தொடங்கியதும் விமானம் ஒன்று இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் சீறிப் பறந்து குண்டு வெடிக்கிறது. பக்கத்து அறையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். அதன்பின் இந்த ஆல்பத்தை நான் ஹெட்போன் இல்லாமல் கேட்டதில்லை.

அந்த அனுபவத்தில் ஒரு விமர்சனமும் அடங்கியிருக்கிறது. காதோரம் முணுமுணுத்துக்கொண்டிருப்பவர் அடுத்த வரியில் கூரை அதிரக் கத்துவதுதான் வாட்டர்ஸ் இந்த ஆல்பம் முழுவதும் கையாளும் உத்தி. முதல் மூன்று பாடல்களில் அது நெஞ்சை உலுக்குகிறது. ஏழாவது, எட்டாவது பாடலுக்கு வரும்போது, இதோ கத்தப்போகிறார் என்று காது முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. பயணத்திலோ வேலைக்கு நடுவிலோ இதைக் கேட்கவே முடியாது என்று பலர் சொல்வதில் உண்மை உண்டு. இருண்ட அறையில், வேறு வேலை எதுவும் இல்லாமல், ஒரே மூச்சில் கேட்டவர்கள்தான் பெரும்பாலும் இரண்டாம் கட்சியில் இருக்கிறார்கள். இந்த வழக்கில் ரசனையைவிடக் கேட்ட சூழலுக்கே அதிகப் பங்கு இருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இரண்டாம் பக்கம் அரசியலைப் பெயர் சொல்லிப் பேசுகிறது. ஆப்கானிஸ்தானுக்கு சோவியத் தலைவர் பிரெஷ்னேவ், பெய்ரூட்டுக்கு இஸ்ரேல் பிரதமர் பெகின், ஃபாக்லாந்துக்கு அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியாளர் கால்தியேரி என்று அடுக்கிவிட்டு, அர்ஜென்டினாவின் 'ஜெனரல் பெல்கிரானோ' போர்க்கப்பலை மூழ்கடித்ததை தாட்சரின் கணக்கில் எழுதுகிறது. 1982 மே 2 அன்று மூழ்கிய அந்தக் கப்பலில் 323 பேர் இறந்தார்கள். இந்தப் பெயர்களால் ஆல்பத்துக்கு வயதாகிவிட்டது, அந்தக் காலத்துச் செய்தித்தாளைப் படிப்பதுபோல் இருக்கிறது என்பது ஒரு சாராரின் கருத்து. இதில் எனக்கு உடன்பாடு பாதிதான். பெயர்கள் பழசாகிவிட்டன, ஆனால் ஒரு பாடல் எந்த நாளில் எந்தக் கோபத்தில் எழுதப்பட்டது என்று அதன் மேலேயே தேதி குத்தியிருப்பது குறையாகாது. 'சவுத்தாம்ப்டன் டாக்' மெட்டில் மெலிந்தது என்று மேலே சொன்னேன். பொருளில் அப்படி இல்லை. 1945இல் துறைமுகத்தில் வந்து இறங்குபவர்களிடம் பேச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை. அதே துறைமுகத்தில் 1982இல் ஒரு பெண்மணி பையன்களுக்குக் கைக்குட்டையை ஆட்டி விடைகொடுக்கிறார். யார் என்று பெயர் சொல்லாத அந்த இடம், பெயர்களை அடுக்கிய இடங்களைவிடக் கூர்மையாக இறங்குகிறது.

'தி ஃபிளெட்சர் மெமோரியல் ஹோம்' பாடலைப் பற்றித்தான் ரசிகர்களிடையே மிகக் கடுமையான விவாதம் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். தந்தையின் பெயரில் ஒரு முதியோர் இல்லம் கட்டி, ரீகன், தாட்சர், பிரெஷ்னேவ் முதலிய உலகத் தலைவர்களை அதில் குடியேற்றி, அவர்கள் ஒருவருக்கொருவர் பதக்கம் காட்டிக்கொண்டு மகிழட்டும் என்று விட்டுவிடுவதாகப் பாடல் கற்பனை செய்கிறது. எள்ளல் நிறைந்த, நல்ல கற்பனை. ஆனால் முடிவில், எல்லோரும் உள்ளே வந்து சேர்ந்தபின் அவர்களுக்கு, யூதர்களைக் கூண்டோடு அழிப்பதற்கு நாஜிகள் வைத்த பெயரான அந்த 'இறுதித் தீர்வை' அளிக்கலாம் என்கிறது. போரை வெறுப்பவர் கொலையை விரும்பலாமா என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். வாட்டர்ஸ் அறியாமல் வழுக்கிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. கோபத்தால் நல்லவனும் எங்கே போய் நிற்பான் என்று தன்னையே காட்டுகிறார். அதைச் சொல்லும் வரியைக் கத்தாமல் மெல்லப் பாடுகிறார். ஆல்பத்தில் அவர் கத்தியிருக்க வேண்டிய இடங்களில் இது ஒன்று, அவர் கத்தாததால்தான் அச்சமாக இருக்கிறது.

அதே பாடலில்தான் கில்மோரின் கிடாரும் வருகிறது. இந்த ஆல்பத்தில் அவருக்குக் கிடைத்த இடம் குறைவு என்பது உண்மை. கிடைத்த இடங்களை அவர் வீணாக்கவில்லை என்பதும் உண்மை. 'யுவர் பாசிபிள் பாஸ்ட்ஸ்' பாடலில் வரும் தனிவாசிப்பு, பேசிப் பேசிக் களைத்த ஒருவரின் தோளில் மற்றொருவர் கை வைப்பதுபோல் வந்துசேர்கிறது. தலைப்புப் பாடலிலும் அப்படியே. பாடல்களைப் பிடிக்காமலேயே ஒருவர் இத்தனை நன்றாக வாசிக்க முடியும் என்பதைத் தொழில் நேர்த்தி என்பதா, பிடிவாதம் என்பதா என்று தெரியவில்லை. அவர் முதன்மையாகப் பாடும் 'நாட் நவ் ஜான்' மட்டும் எனக்கு ஒட்டவில்லை. கில்மோரின் ரசிகர்கள் ஆல்பத்திலேயே உயிருள்ள பாடல் இதுதான் என்பார்கள். இரைச்சலும் வேகமும் இருப்பதால் அப்படித் தோன்றலாம். வெளிநாட்டில் போய் மதுக்கடை எங்கே என்று மொழிக்கு மொழி கேட்கும் பிரிட்டிஷ்காரனை வைத்து முடியும் அந்தக் கிண்டல் ரசிக்கத்தக்கதுதான். ஆனால் அதுவரை திரண்டுவந்த துயரத்தை அந்தப் பாடல் ஐந்து நிமிடங்களில் கலைத்துவிடுகிறது. இடம் மாறியிருந்தால் இதே பாடல் வேறு விதமாக ஒலித்திருக்கும்.

எந்தப் பதிப்பை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். 2004இல் வந்த மறுபதிப்பில், திரைப்படத்துக்காக எழுதி 1982இல் தனிப்பாடலாக வெளிவந்த 'வென் தி டைகர்ஸ் ப்ரோக் ஃப்ரீ' பாடலை 'ஒன் ஆஃப் தி ஃப்யூ'வுக்கும் 'தி ஹீரோஸ் ரிட்டர்ன்'க்கும் நடுவே செருகியிருக்கிறார்கள். வாட்டர்ஸின் தந்தை இறந்த கதையை நேராகச் சொல்லும் பாடல் அது. ஆண்குரல் கோஷ்டி பின்னணியில் எழ, தந்தையின் மறைவை அறிவித்து அரசர் பெயரில் வந்த கடிதத்தைப் பழைய புகைப்படங்கள் இருந்த இழுப்பறைக்குள் மகன் கண்டெடுப்பதைக் கேட்டுக் கலங்காதவர் குறைவு. தனியாகக் கேட்டால் ஆல்பத்தில் உள்ள பலவற்றைவிட மேலானது. ஆனால் செருகிய இடம் சரியில்லை. ஆசிரியரின் கதை முதல் பாடலில் எழும்பி இரண்டாம் பாடலில் தொடர வேண்டும். நடுவில் தந்தையின் கதை நுழைந்ததும் இழை அறுந்துவிடுகிறது. தந்தை யார் என்று தெரிந்துகொண்டால்தான் ஆல்பம் புரியும் என்பவர்கள் இந்தப் பதிப்பை விரும்புகிறார்கள். நான் பன்னிரண்டு பாடல்கள் கொண்ட பழைய வரிசையையே பரிந்துரைப்பேன். புதிய பதிப்பு கையில் இருந்தால் முதல்முறை கேட்கும்போது அந்தப் பாடலைத் தாண்டிவிட்டு, கடைசியில் தனியே கேட்கலாம்.

விற்பனையைப் பொறுத்தவரை ஒரு வேடிக்கை. பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 'தி வால்' எட்டியது மூன்றாம் இடம்; உலகம் கொண்டாடும் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' எட்டியது இரண்டாம் இடம். ரசிகர்கள் குழுவின் ஆல்பமாகவே ஏற்க மறுக்கும் இது முதலிடத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் ஆறாம் இடத்தோடு நின்றது. இதற்காகக் குழு எந்த இசைப்பயணமும் போகவில்லை; நான்கு பாடல்களுக்கு மட்டும் ஒரு குறும்படம் எடுத்தார்கள். அதில் 'தி வால்' திரைப்படத்தில் பள்ளி ஆசிரியராக நடித்த அலெக்ஸ் மெக்காவாய்தான் முதன்மைப் பாத்திரம். ஆசிரியரின் கதை இந்த ஆல்பத்தின் முதுகெலும்பு என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு துணை.

குழுவை இதற்குமுன் கேட்டிராதவர்கள் இதிலிருந்து தொடங்க வேண்டாம். 'தி வால்' கேட்டுவிட்டு அதில் கதையைத் தேடியவர்கள் தயங்காமல் இங்கே வரலாம். அதில் கிடாரைத் தேடியவர்கள் ஏமாறுவார்கள். வருபவர்கள் கடைசிப் பாடலான 'டூ சன்ஸ் இன் தி சன்செட்' வரை பொறுமையாக இருக்க வேண்டும். மாலையில் ஒருவர் கார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார். மேற்கே சூரியன் அடங்கிவிட்டது. கிழக்கே இன்னொரு சூரியன் எழுகிறது. அணுகுண்டு என்ற சொல்லைச் சொல்லாமலே பாடல் அதைச் சொல்லிவிடுகிறது. கார்க் கண்ணாடி உருகுகிறது, குழந்தைகளின் குரல் ஒரு கணம் கேட்டு மறைகிறது. பதினொரு பாடல்களாக ஊரையும் உலகையும் ஏசிக்கொண்டிருந்த குரல் இங்கே யாரையும் ஏசவில்லை. மெட்டின் தாளம் அடிக்கடி மாறுவதால் மேசனுக்கு அது கைவராமல் ஆண்டி நியூமார்க் என்பவரை அழைத்து டிரம்ஸ் வாசிக்க வைத்தார்கள். வாட்டர்ஸ் பாடி முடித்ததும் ரேவன்ஸ்கிராஃப்டின் சாக்ஸபோன் மட்டும் சிறிது நேரம் தொடர்ந்து, மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றுவிடுகிறது. வாட்டர்ஸ் உறுப்பினராக இருந்த காலத்தில் பிங்க் ஃபிளாய்டு என்ற பெயரில் வந்த ஆல்பங்களின் கடைசி ஒலி அதுதான். அதை ஊதியவர் ஒரு விருந்தாளி.